செலவு ஆகும் என்றால் படிகத்தில் காலியிடம் ஏன் வருகிறது?

வியாசை_பையன்:
திங்கட்கிழமை இன்டர்னல். அலுமினியத்தில் ஓர் அணுவை அதன் இடத்திலிருந்து எடுத்து மேற்பரப்பில் வைக்க 0.76 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) செலவு என்று நோட்ஸில் இருக்கிறது. அப்படியென்றால் காலியிடமே இல்லாத படிகம்தானே நிலையானது? சமநிலையிலும் காலியிடம் இருக்கும் என்கிறார்கள். வியாசர்பாடியில் வார்ப்புப் பட்டறை வைத்திருக்கும் மாமாவைக் கேட்டால், "அது பின்ஹோல்டா, சரியா ஊத்தினா வராது" என்கிறார்.

காசிமேட்டு_வாத்தியார்:
தம்பி, மாமா சொல்லும் பின்ஹோல் வேறு. உருகிய அலுமினியத்தில் கரைந்த ஹைட்ரஜன், உறையும்போது வெளியேறப் பார்த்து விட்டுப்போகும் ஓட்டை அது. நீ கேட்பது ஒற்றை அணு அளவு. எப்படி ஊற்றினாலும் வரும்.

27 கிராம் அலுமினியத்தை எடுத்துக்கொள். 6 × 10²³ இடங்கள். ஒரே ஒரு காலியிடம் அவற்றில் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். எத்தனை விதமாக அமையலாம் என்பதன் அளவுதான் என்ட்ரோபி. அதற்கு அந்த எண்ணுக்கு இயல் மடக்கை போடு, ஏறக்குறைய 55. போல்ட்ஸ்மான் மாறிலியை அறை வெப்பநிலையால் பெருக்கினால் 0.026 எலக்ட்ரான் வோல்ட். இரண்டையும் பெருக்கு: 1.4. செலவு 0.76, என்ட்ரோபி தரும் வரவு 1.4! முதல் காலியிடமே லாபம்தான். சேரச் சேர அடுத்ததற்கான வரவு குறையும். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் கட்டிலா ஆற்றல் (செலவில் வரவைக் கழித்தது) மிகக் குறைவு. அதுதான் சமநிலை. (முப்பது வருஷமாக இதைக் கரும்பலகையில் வரைபடமாகப் போட்டேன். கணக்காகப் போட்டிருக்க வேண்டும்.)

வியாசை_பையன்:
சார், எத்தனையில் நிற்கும்?

காசிமேட்டு_வாத்தியார்:
அறை வெப்பநிலையில் சுமார் ஐம்பதாயிரம் கோடி அணுவுக்கு ஒன்று. 660 டிகிரியில், உருகும் தறுவாயில், ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒன்று. சிம்மன்ஸ், பலுஃபி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1960இல் இதை அளந்தார்கள். சூடேற்றியபோது அணுக்களின் இடைவெளி கூடிய விகிதத்தைவிட அலுமினியத் தண்டின் நீளம் கூடிய விகிதம் ஒரு துளி அதிகம். அந்த வித்தியாசத்தை மூன்றால் பெருக்கினால் காலியிடங்களின் விகிதம். ஒன்று கவனி, வெறும் போல்ட்ஸ்மான் அடுக்கை (செலவை, மாறிலியும் வெப்பநிலையும் பெருக்கி வந்ததால் வகுத்து, மைனஸ் குறியோடு e-இன் அடுக்கில் வைப்பது) போட்டால் விடை பத்து மடங்குக்கு மேல் குறையும். காலியிடத்தைச் சுற்றியுள்ள அணுக்களின் அதிர்வு மாறுவதால் வரும் என்ட்ரோபியையும் சேர்.

எண்ணூர்_ஃபர்னஸ்:
பட்டறைப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. செம்பு கலந்த அலுமினியத்தை 500 டிகிரி வாக்கில் சூடேற்றிச் சட்டென்று தண்ணீரில் போட்டால், அந்தச் சூட்டின் காலியிடங்கள் மறைய நேரமில்லாமல் உள்ளே மாட்டிக்கொள்ளும். செம்பு அணுக்கள் அவற்றைப் பிடித்து நகர்ந்து ஒன்றுசேர, சாதாரண வெப்பத்திலேயே உலோகம் இறுகும். விமான ரிவெட்டுகளை அடிக்கும்வரை ஃப்ரீசரில் வைப்பது, முன்கூட்டியே அப்படி இறுகாமல் இருக்கத்தான்.

வியாசை_பையன்:
கணக்கு வந்துவிட்டது சார். மாமாவிடம் ஃப்ரீசர் கதையை மட்டும் சொன்னேன். "ஆமா, ஐஸ்ல வைப்பாங்க" என்றார்.