துண்டு முறை பற்றி வாசிக்க எளிய புத்தகம் ஏதாவது?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடத்தில் பொலன்னறுவை மன்னர்களை வரிசையாக ஒப்பித்தேன். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஆட்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்டால் முழிப்பேன்.

போன மாதம் அம்மாயி, "அந்தக் காலத்துல துண்டு இல்லாம தோட்டம் மாற முடியாதாம்" என்றார். தேடிப் பார்த்தேன். தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அந்தக் கடனை அடைக்கிற தோட்டம்தான் ஆளை எடுக்கலாம். கடனோடு ஆளையும் கைமாற்றியிருக்கிறார்கள்! 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இதை நாற்பது வயதிலா தெரிந்துகொள்வது?

1869இல் கோப்பிக்கு இலைநோய், 1948இல் எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம், 1964இல் எங்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். ஆண்டுகள் தெரியும், நடுவில் எல்லாம் ஓட்டை.

ஆய்வேடு வேண்டாம். ஒன்றை எடுத்து அடிக்குறிப்பிலேயே தூங்கிவிட்டேன். கதைபோல ஓடவேண்டும், ஆனால் கதைவிடக் கூடாது. தமிழில் இருந்தால் அம்மாயிக்கும் வாசித்துக் காட்டலாம். முதலில் ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணி பற்றியும் துண்டு பற்றியும். அப்புறம் ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிப் போனவர்கள் பற்றி. கண்டியிலோ நுவரெலியாவிலோ எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் சொல்லுங்கள், சம்பளத்தன்றே போய் வாங்கிவிடுகிறேன்.