எட்டு வயதுக்கு ஏற்ற விலங்கு, புவியியல், வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. என் மகளுக்கு எட்டு வயது. கதைகளை ஓரமாக வைத்துவிட்டு இப்போது விலங்கு, கடல், எரிமலை, பழங்கால மனிதர்கள் என்றே தேடித் தேடிப் படிக்கிறாள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், ரத்தம் நீலம் என்று படித்த அன்று "ஏன்ப்பா நீலம்?" என்று தூங்கும்வரை விடவில்லை, நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க இரும்பு இருப்பதுபோல் அதற்குச் செம்பு இருக்கிறது என்று நான்தான் தேடிச் சொன்னேன், புத்தகத்தில் அந்த ஒரு வரி இல்லை. இன்னொன்றில் ஒட்டகம் திமிலில் தண்ணீர் சேமிக்கிறதாம். அது கொழுப்பு! 2006-லேயே குறுங்கோளாகிவிட்ட புளூட்டோ வேறொன்றில் இன்னும் ஒன்பதாவது கோள்.

தகவல் சரியாக இருக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தமிழிலேயே எழுதியது என்றால் ரொம்ப நல்லது, மொழிபெயர்ப்பும் சரி, ஆனால் வாய்விட்டுப் படிக்கும்போது தடுக்கக் கூடாது. புவியியலுக்கு விரல் வைத்து ஆறுகளைத் தொடர்ந்து போகிற மாதிரி பெரிய வரைபடங்கள் இருந்தால் அவளுக்குப் பிடிக்கும். அப்புறம் வரலாறு: போர்களும் அரசர்களும் மட்டும் வேண்டாம், அந்தக் காலத்துப் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள், என்ன விளையாடினார்கள் என்றுதான் கேட்கிறாள். உங்கள் பிள்ளைகள் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்த புத்தகம் எது? முடிந்தால் உள்பக்கம் ஒன்றைப் படம் எடுத்துப் போடுங்கள், எழுத்தின் அளவு பார்க்க வேண்டும்.