புதுப்பிப்பு: ஆடிக்கொண்டிருந்த ஸ்டீயரிங் சீட்டை மாற்றியாயிற்று

படகின் ஸ்டீயரிங் சீட் ஆடுகிறது, ஃபோம் தண்ணீர் குடித்துக் கனக்கிறது, மெத்தையை மட்டும் மாற்றினால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதவில்லை. கழற்றியபோதுதான் தெரிந்தது, ஆட்டம் சீட்டில் இல்லை, தளத்தில். முன்பு யாரோ வெறும் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறார்கள், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி ஃபைபருக்கு நடுவே இருந்த பிளைவுட் ஊறி, விரலால் தோண்டினாலே பிய்ந்து வருகிறது.

ஊறியதைச் சுரண்டி எடுத்துக் காயவிட்டேன், பொறுமையைச் சோதித்தது அதுதான். அப்புறம் குழியை எபாக்ஸியால் (கல்லாக இறுகும் பிசின்) நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் துளை போட்டேன், இனி ஓட்டையில் நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. உப்புத்தண்ணீரை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளைத் தளத்துக்குக் கீழே வரை ஊடுருவவிட்டு, அடியில் அகலமான தகடு வைத்து இறுக்கினேன். சீட்டைத் தாங்கும் புதிய கால் அலுமினியம், உப்புத்தண்ணீர் பட்டால் ஸ்டெயின்லெஸ்ஸோடு சேரும் இடத்தில் அரிக்கும், அதனால் இடையில் நைலான் வாஷர்.

துளை போடுமுன் பெட்டிகளை அடுக்கி உட்கார்ந்து உயரத்தைச் சரிபார்த்தது நல்லதாகப் போயிற்று. நான் நினைத்திருந்த உயரத்தில் படகின் முன்கண்ணாடியின் மேல்சட்டம் கண்ணுக்கு நேரே வந்து மறைத்தது! முன்பகுதி மடங்கும் சீட் என்பதால் அலையில் எழுந்து நின்றும் ஓட்ட முடிகிறது. ஒரே குறை, சீட் சுழலாமல் பிடிக்கும் பூட்டில் லேசான கடகடப்பு. அதை அடுத்த வாரம் பார்க்கிறேன்.