கண்மாய்க் கரையில் டென்ட் அடித்துத் தங்கலாமா?

அனுப்பானடி_அப்பா
ஞாயிறு இரவு 9:40

பாலமேடு ஜல்லிக்கட்டு முடிந்த வார இறுதி. இரண்டு குடும்பம், ஐந்து பிள்ளைகள், இரண்டு டென்ட். சகலையின் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு கண்மாய் இருக்கிறது. பெயரைச் சொன்னால் அடுத்த வாரமே கூட்டம் வந்துவிடும், அதனால் சொல்லவில்லை. முக்கால் பங்கு தண்ணீர் கிடந்தது. சாயங்காலம் நாரைகள் வந்து இறங்கின. மூன்று கல் கூட்டி நாட்டுக்கோழிக் குழம்பு, அப்புறம் தணலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. எட்டு வயது மகன் நட்சத்திரம் எண்ண ஆரம்பித்து நாற்பத்திரண்டில் தூங்கிப்போனான். கொடைக்கானலில் அறை வாடகை கொடுத்து, இ-பாஸ் எடுத்து, ஏரியைச் சுற்றி வண்டி நெரிசலில் நின்றபோது கிடைக்காத ஒன்று இங்கே டீசல் காசில் கிடைத்தது.

மதுரையைச் சுற்றி இத்தனை கண்மாய்கள் இருக்கின்றன. தாலுகாவுக்கு ஒரு கரையையாவது குடும்பங்கள் இரவு தங்குவதற்கென்று ஒதுக்கினால் என்ன? கட்டணம் வைக்கட்டும், கட்டத் தயார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மேலூர்_ஆயக்கட்டு
ஞாயிறு இரவு 10:15

கருத்து கேட்டீர்கள், சொல்கிறேன். கண்மாய் சும்மா கிடக்கிற தண்ணீர் இல்லை சார். ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறுகிற நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போக வேண்டியது. மீன், குத்தகை எடுத்தவருக்குச் சொந்தம். கரை வெறும் மண். ஈரக் கரையில் உங்கள் கார் ஏறி இறங்கினால் டயர் தடத்தில் மழைத்தண்ணீர் தங்கும், அந்த இடத்தில்தான் கரை முதலில் கரையும். நண்டு வளை, எலி வளையை அடைக்கவே ஐப்பசியில் மண்வெட்டியோடு அலைகிறோம்.

இன்னொன்று. போன வருடம் எங்கள் வயலில் நடவுக்கு வந்த அம்மா ஒருவர் சேற்றில் கால் வைத்த இடத்தில் பீர் பாட்டிலின் கழுத்து இருந்தது. குதிகாலில் ஏழு தையல். நடவு நேரத்தில் பத்து நாள் கூலி போயிற்று. பாட்டில் மடை வழியாக வந்தது. கரையில் உட்கார்ந்து குடித்தவன் மதுரைக்குத் திரும்பிப் போய்விட்டான்.

அனுப்பானடி_அப்பா
ஞாயிறு இரவு 10:32

அந்த அம்மாவுக்கு நேர்ந்தது கொடுமை. ஆனால் நாங்கள் குடிக்கவில்லை. பிள்ளைகளோடு போனவர்கள். குப்பையை இரண்டு பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்தோம். கட்டுப்பாடு இல்லாத இடத்தில்தான் குடிகாரன் வருவான். குடும்பங்கள் வந்தால் அவன் விலகிப் போவான்.

மேலூர்_ஆயக்கட்டு
ஞாயிறு இரவு 10:41

இன்று குடும்பம் வரும். நீங்கள் போடுகிற படத்தைப் பார்த்து அடுத்த சனிக்கிழமை யார் வருவார்கள்?

ரெண்டாம்_டிக்காஷன்
ஞாயிறு இரவு 11:20

அண்ணே, நான்தான். அந்த இரண்டு குடும்பத்தில் ஒன்று எங்களுடையது என்பதால் விடுபட்டதைச் சேர்க்கிறேன்.

நட்சத்திரம் உண்மை. குழம்பும் உண்மை, வைத்தவள் நான். ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு நானும் அண்ணியும் மொபைல் வெளிச்சத்தில் சீமைக்கருவேல மறைவு தேடிப் போனதை அண்ணன் எழுதவில்லை. அண்ணி கையில் தண்ணீர் பாட்டில், என் கையில் ஒரு கம்பு. பத்தடிக்கு ஒருமுறை தரையைத் தட்டிக்கொண்டே போனோம். திரும்பி வரும்போது தூரத்தில் ஒரு டார்ச் எங்கள் பக்கம் திரும்பியது. அந்த நொடியில் எனக்கு நாரையும் தெரியவில்லை, கண்மாயும் தெரியவில்லை. வந்தவர் மீன் குத்தகைக்காரரின் காவலாளி. நல்ல மனிதர். மிச்சமிருந்த குழம்பைப் போட்டுச் சாப்பிடச் சொன்னோம். சாப்பிட்டுவிட்டு, "தூண்டில் மட்டும் போட்டுடாதீங்க, ஒரு ஜிலேபி குறைஞ்சாலும் என் சம்பளத்துல பிடிப்பாங்க" என்றார். நல்லவராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அப்புறம், இரண்டு மணிக்கு முள் குத்தி காற்றுமெத்தை புஸ்ஸென்று இறங்கியது. விடியற்காலையில் டென்ட்டின் உள்பக்கமெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிள்ளைகள் தும்மிக்கொண்டு எழுந்தார்கள். பனி பெய்தது என்றார் அண்ணன். பனி வெளியேதானே பெய்யும்?

டாலஸ்_தல்லாகுளம்
திங்கள் காலை 6:05

அது உங்கள் மூச்சுதான் சகோதரி. நாலைந்து பேர் மூச்சுவிட்ட ஈரம், வெளியே குளிர்ந்த துணியில் பட்டு நீராகிவிடும். கொசுவுக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடியிருப்பீர்கள். மேல்பக்க வலை ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். கொசுவும் வராது, ஈரமும் தங்காது.

நான் பத்து வருடமாக இங்கே டாலஸ் பக்கம் பிள்ளைகளோடு ஏரிக்கரை முகாம்களுக்குப் போகிறவன். இங்குள்ள பெரிய ஏரிகள் இயற்கை ஏரிகள் இல்லை, அணை கட்டித் தேக்கியவை. பல அணைகளைக் கட்டிய ராணுவப் பொறியாளர் படையே அவற்றின் கரையில் முகாம்களையும் நடத்துகிறது. இணையத்தில் முன்பதிவு செய்தால் எண் போட்ட ஓர் இடம் கிடைக்கும். அதில் ஒரு மேசை, தீ மூட்ட இரும்பு வளையம், பக்கத்தில் குழாய். கூப்பிடு தூரத்தில் கழிப்பறையும் குளியலறையும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. 30 நாளில் 14 நாளுக்கு மேல் ஒருவர் தங்கக் கூடாது, தங்கவிட்டால் குடியேறிவிடுவார்கள் அல்லவா. நம் ஊரிலும் இது முடியாததில்லை. கழிப்பறையில் ஆரம்பிக்க வேண்டும், டென்ட் கடைசி.

மேலூர்_ஆயக்கட்டு
திங்கள் காலை 7:30

அந்தக் கழிப்பறையை எங்கே கட்டுவீர்கள்? கண்மாய்ப் புறம்போக்கில் கட்டினால் ஆக்கிரமிப்பு. 2007ல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் என்றே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். குடிசை போட்டவனை அந்தச் சட்டத்தைக் காட்டி எழுப்பிவிட்டு, சுற்றுலாவுக்கு மட்டும் கக்கூஸ் கட்டலாமா? கட்டாவிட்டால் இந்தத் தங்கச்சி சொன்ன கதைதான். கட்டினாலும் கழிவுநீர் எங்கே போகும்? பள்ளத்தைப் பார்த்து, அதாவது என் வயலுக்கு.

இரவுப்பணி
திங்கள் காலை 8:10

ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தேன். பாம்பைப் பற்றி யாரும் பேசவில்லை, கம்பை வைத்துத் தட்டியதோடு முடித்துவிட்டீர்கள்.

கரையிலும் வரப்பிலும் பகலில் பயப்படுகிற பாம்பு வேறு, இரவில் பயப்பட வேண்டியது வேறு. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, வலியும் பெரிதாக இருக்காது, பல் பட்ட இடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார்கள். பிறகு கண் இமை தொங்கும், பேச்சு குழறும், அதற்கடுத்து மூச்சு. "ராத்திரி சாப்பாடு ஒத்துக்கவில்லை" என்று சோடா கொடுத்து நேரத்தைக் கடத்தி அழைத்து வருகிறார்கள். கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள். நடக்கவிடாமல் 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முகாம் போடுகிறவர்கள், அந்த இடத்துக்கு ராத்திரியில் ஆம்புலன்ஸ் ஏறி வருமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அனுப்பானடி_அப்பா
திங்கள் காலை 9:02

நீங்கள் சொன்னதே எனக்குச் சாதகம். அடிப்பக்கம் சேர்த்துத் தைத்து ஜிப் போட்ட டென்ட்டுக்குள் படுப்பது, திண்ணையில் பாய் விரித்துப் படுப்பதைவிடப் பாதுகாப்புதானே?

இரவுப்பணி
திங்கள் காலை 9:15

ஜிப் மூடியிருக்கும் வரை. பாயைச் சுற்றிச் செருகிய கொசுவலையும் அதைத்தான் செய்யும், விலையும் குறைவு. உங்கள் தங்கை பன்னிரண்டு மணிக்கு ஜிப்பைத் திறந்து வெளியே போனார் என்பதுதான் என் கவலை. ஐந்து பிள்ளைகளும் எத்தனை முறை திறந்தார்கள், கணக்கு இருக்கிறதா?

கொடைரோடு_டிரைவர்
திங்கள் மதியம் 2:20

இருபது வருடமாக மலை ஏற்றி இறக்குகிறேன். கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ், உயர் நீதிமன்ற உத்தரவு. அது நல்லதற்குத்தான். டென்ட் ஆசை மட்டும் குறையவில்லை, "அண்ணே, காட்டுக்குள்ளே எங்கேயாவது" என்று கேட்கிறார்கள். நான் இறக்கிவிட மாட்டேன். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட்டில் தங்க வந்த ஒரு பெண்ணை யானை கொன்றது. சிறுமலையிலும் காட்டுமாடு இருக்கிறது. ஆக, மலை வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விவசாயி அண்ணன் சொல்வதால் கண்மாயும் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் இருப்பது வைகை அணை. மதுரையிலிருந்து 70 கிலோமீட்டர். அரசாங்கப் பூங்கா ஏற்கெனவே இருக்கிறது, கழிப்பறை, காவல், சாலை எல்லாம் இருக்கிறது. சாயங்காலம் எல்லோரையும் வெளியே அனுப்புவதற்குப் பதில், ஒரு மூலையில் இருபது டென்ட்டுக்கு இடம் விட்டால் யார் குடி முழுகிவிடும்?

மேலூர்_ஆயக்கட்டு
திங்கள் மாலை 6:45

டிரைவர் தம்பி சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. 1959ல் காமராஜர் திறந்துவைத்த அணை அது, அன்றிலிருந்து அரசாங்க இடம். ஆனால் ஒன்று. நீர்மட்டம் 66 அடி வந்தால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5ல் இரண்டாவது, 69ல் மூன்றாவது. அப்புறம் உபரியைத் திறந்துவிடுவார்கள். அணைக்குக் கீழே ஆற்று மணலில் டென்ட் அடிக்கிற புத்திசாலிகளும் கிளம்பி வருவார்கள். பூங்காவுக்குள் மட்டும், சங்கு ஊதினால் கேட்கிற தூரத்தில் என்றால் நான் எதிர்க்கவில்லை. கண்மாயை விட்டுவிடுங்கள்.

அனுப்பானடி_அப்பா
திங்கள் இரவு 8:50

அணைக்கு ஒத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் கண்மாயை முழுதாக விட மனசு வரவில்லை. மாசி சிவராத்திரிக்கு நம் ஆட்கள் எங்கே படுக்கிறார்கள்? குலசாமி கோயிலில். பாதி அய்யனார் கோயில்கள் கண்மாய்க் கரையில்தான் இருக்கின்றன. ஆடு வெட்டி, அடுப்புக் கூட்டி, புளியமரத்தடியில் பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே சமுக்காளத்தில் படுக்கிறோம். சித்திரைத் திருவிழாவுக்கு வண்டி கட்டி வந்து வைகை மணலில் தங்கியவர்களின் பேரன்கள் நாம். இரவில் தண்ணீரோரம் தங்குவதை அமெரிக்காக்காரனா நமக்குக் கற்றுக்கொடுத்தான்?

மேலூர்_ஆயக்கட்டு
திங்கள் இரவு 9:20

நல்ல கேள்வி. நானும் அப்படிப் படுத்து வளர்ந்தவன்தான். ஆனால் குலசாமி கோயிலில் நீங்கள் தலைக்கட்டு வரி கொடுத்த ஆள். இலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தால் பெரியப்பா கூப்பிட்டு எடுக்கச் சொல்வார். கரையில் வண்டியை ஏற்றினால் ஊர்க்காரன் சாவியைப் பிடுங்குவான், அடுத்த வருடமும் அதே முகத்தில்தான் முழிக்க வேண்டும். இந்தக் கண்மாயில் உங்களுக்கு யார் பெரியப்பா? அந்தக் காவலாளி ஒருவர். அவரையும் குழம்பு ஊற்றிச் சரிக்கட்டிவிட்டீர்கள்.

(கடைசி வரி வேடிக்கைக்கு. கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

டாலஸ்_தல்லாகுளம்
செவ்வாய் காலை 5:50

இங்கே சில முகாம்களில் அந்தப் பெரியப்பா வேலைக்கென்றே ஒருவர் இருப்பார். ஓய்வுபெற்றவர், தன் வண்டியை அங்கேயே நிறுத்தி இலவசமாகத் தங்கிக்கொண்டு, வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வார். என்னை ஒரு தடவை இரவு பத்தே காலுக்கு வந்து, பாட்டை நிறுத்தச் சொன்னார். வந்த ஆத்திரம் இன்னும் நினைவிருக்கிறது. நிறுத்தினேன்.

அனுப்பானடி_அப்பா
செவ்வாய் இரவு 9:10

சரி. கண்மாய்க் கரை என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். அரசாங்கம் ஒதுக்க வேண்டாம். கரையை ஒட்டிப் பட்டா நிலம் வைத்திருப்பவர், தன் தோப்பில், கழிப்பறை கட்டி, கழிவைத் தன் எல்லைக்குள்ளேயே முடித்துக்கொண்டு, ஊர்க்காரர் ஒருவரையே காவலுக்கு வைத்தால்? தண்ணீரைப் பார்க்கலாம், தொடக் கூடாது. வண்டி ரோட்டோடு சரி. சகலையிடம் பேசினேன், கழிப்பறைக்கு ஆகும் செலவைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

மேலூர்_ஆயக்கட்டு
செவ்வாய் இரவு 9:34

அவர் தோப்பு, அவர் இஷ்டம். மடைப்பக்கம் வேலி போடச் சொல்லுங்கள், கண்ணாடி பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அப்போது வந்து நானே ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கிறேன். முதுகுவலி இருக்கிறது, கட்டில் வேண்டும்.

ரெண்டாம்_டிக்காஷன்
செவ்வாய் இரவு 10:05

அண்ணே, அது நடக்கும்போது நடக்கட்டும். சிவராத்திரிக்கு இந்த முறை நான் அவர் வீட்டுக் கோயிலுக்குப் போகிறேன். சின்ன டென்ட்டை எனக்குக் கொடுத்துவிடுங்கள். காற்றுமெத்தை வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். பங்காளிகள் வரி போட்டுக் கோயிலுக்குப் பின்னால் பட்டா இடத்தில் கழிப்பறை கட்டிவிட்டார்களாம், லைட்டும் போட்டிருக்கிறார்களாம்.