எபிடியூரல் போட்டுக்கொள்வதா, வேண்டாமா? முதல் பிரசவம், 33ஆவது வாரம்

நொய்யல்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் பிரசவம். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பார்த்து வருகிறோம். சென்ற வாரப் பரிசோதனையின்போது, எபிடியூரல் (பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி) வேண்டுமா வேண்டாமா என்று வீட்டில் கலந்து பேசிவிட்டு வரும்படி ஒரு படிவத்தைக் கொடுத்தனுப்பினார்கள். அதில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன; ஒன்றில் குறியிட வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான்.

மூன்று பிள்ளைகளையும் ஊசி மருந்து எதுவுமில்லாமல் பெற்ற என் மாமியார், முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுக்க இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்கிறார். அம்மாவோ, நான் பிறந்தபோது இரண்டு பகலும் ஓர் இரவும் பட்ட பாட்டை நினைத்து, தான் பட்டது போதும், நீயாவது போட்டுக்கொள் என்கிறார். கணவர், உன் உடம்பு, உன் முடிவு என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். அது பெருந்தன்மைதான், ஆனால் எனக்கு உதவியாக இல்லை.

நான் பயப்படுவது மூன்று விஷயங்களுக்கு. மரத்துப்போனால் முக்கத் தெரியாமல் கடைசியில் சிசேரியனில் போய் முடியுமா? மருந்து குழந்தைக்குப் போகுமா? மாமியார் சொல்லும் முதுகுவலி உண்மையா? இவை தவிர, சொல்லக் கூச்சமாக இருக்கும் ஒன்றும் உண்டு: வலி தெரியாமல் பெற்றால் அது சுகப்பிரசவக் கணக்கில் சேருமா என்று உறவில் ஒருவர் கேட்டது மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது. (அந்தச் சொல்லில் சுகம் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.)

இரண்டையும் அனுபவித்தவர்கள் இருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

காவிரிக்கரை:

தோழி, எனக்கு இரண்டு பிள்ளைகள். 2016இல் மூத்தவளை எபிடியூரல் இல்லாமலும், 2021இல் இளையவனை எபிடியூரலுடனும் பெற்றேன்.

முதல் முறை, வலி அலை போல வந்து வந்து போனது. இரண்டு அலைகளுக்கு நடுவே கிடைக்கும் சில நிமிடங்களில் பேசவும் சிரிக்கவும்கூட முடிந்தது. நடைகூடத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பல மணி நேரத்தைக் கழித்தேன். என் சித்தி பின்னால் நின்று இடுப்பின் அடியில் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருந்தார். கர்ப்பப்பை வாய் ஏறக்குறைய முழுவதும் திறக்கும் கட்டம் வந்தபோதுதான் என் உறுதி உடைந்தது. ஊசி போடுங்கள் என்று கெஞ்சினேன். இனிமேல் முடியாது, நேரம் கடந்துவிட்டது என்றார்கள். உண்மையில் அந்த நள்ளிரவில் மயக்க மருந்து மருத்துவர் மருத்துவமனையில் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குழந்தை பிறந்த மறுகணம் வலி நின்றதும், ஒரு மணி நேரத்தில் எழுந்து நானே குளியலறைக்குப் போனதும் நன்றாக நினைவிருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

இரண்டாவது முறை, கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை இறால் போல வளைக்கச் சொன்னார்கள். முதுகில் ஏதோ மருந்தைத் தடவியபோது உடம்பு சில்லிட்டது. மரப்பு ஊசி எறும்பு கடித்தது போலத்தான் இருந்தது. வலி உச்சத்தில் இருக்கும்போது அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய காரியம். நூல் போன்ற குழாயை முதுகோடு ஒட்டித் தோள்வரை கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய இருபது நிமிடத்தில், கருவியின் தாளில் வலி மலை போல ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறேன், உடம்புக்குத் தெரியவில்லை. தூங்கிவிட்டேன்! ஆனால் நடுக்கமும் அரிப்பும் இருந்தன. சிறுநீர் தானாகப் போகாததால் குழாய் வைத்தார்கள். முக்கும் நேரத்தில் உந்துதல் மங்கலாகவே தெரிந்தது. செவிலியர் வயிற்றில் கை வைத்து, இப்போது என்று சொல்லச் சொல்ல முக்கினேன். அந்தக் கட்டம் முதல் பிரசவத்தைவிட நீண்டது.

இரண்டில் எது உயர்ந்தது என்று யாரேனும் கேட்டால் எனக்குப் பதில் இல்லை. கேட்டபோது கிடைக்காமல் போனதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

மயக்கவியல் மருத்துவர்:

சகோதரிக்கு வணக்கம். இருபது ஆண்டுகளாக இந்த ஊசியைப் போட்டு வருபவன் என்பதால் என் சார்பு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் சிசேரியன் பயம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 11,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவற்றுள் பெரும்பாலானவை எபிடியூரலை வலிக்கான மற்ற ஊசிகளோடு ஒப்பிட்டவை. எபிடியூரலால் சிசேரியன் கூடியதாகவோ, நாள்பட்ட முதுகுவலி கூடியதாகவோ அதில் தெரியவில்லை. ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவம் பழைய ஆய்வுகளில் கூடியிருந்தது. 2005க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அந்த வேறுபாடு காணப்படவில்லை. மருந்தின் செறிவைக் குறைத்ததே இதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து: அறுவை சிகிச்சைக்கு 0.5 சதவீத பியூபிவக்கெயின் என்ற மரப்பு மருந்தைப் பயன்படுத்தும் இடத்தில், பிரசவ வலிக்கு இன்று 0.1 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான், சிறிதளவு ஃபென்டனில் என்ற வலி மருந்துடன் சேர்த்துக் கொடுக்கிறோம். மருந்து மிகச் சிறிய அளவில் குழந்தையைச் சென்றடையும் என்பது உண்மை. ஆனால் பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் குழந்தையின் மூச்சு, துடிப்பு, நிறம் முதலியவற்றைப் பார்த்துப் போடும் அப்கார் மதிப்பெண்ணில் அந்தத் தொகுப்பாய்வு வேறுபாடு எதையும் காணவில்லை.

உங்கள் மாமியாரின் பேச்சை அடியோடு தள்ளவும் வேண்டாம். குத்திய இடத்தில் சில நாள் நோவு இருப்பது உண்டு, அது போய்விடும். மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்புவலி, ஊசி போடாமல் பெற்றவர்களுக்கும் அதே அளவில் வருகிறது. பத்து மாதம் சுமந்ததும், குனிந்து குனிந்து பால் கொடுப்பதும் அதற்குப் போதும். ஆனால் இந்த ஊசிக்கே உரிய தொல்லைகள் வேறு. ரத்த அழுத்தம் இறங்கலாம், காய்ச்சல் வரலாம், கால் கனக்கலாம். சுமார் நூறு பேரில் ஒருவருக்கு, ஊசி தண்டுவட உறையைத் துளைத்துவிடுவதால் உட்கார்ந்தாலே பிளக்கும் தலைவலி வரும். தானாக ஆறாவிட்டால் அவருடைய ரத்தத்தையே எடுத்து அதே இடத்தில் செலுத்தி அடைக்கிறோம். ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு வலி போதுமான அளவு குறையாமல் வேறு வழி தேட வேண்டியிருக்கும் என்று இங்கிலாந்தின் மகப்பேறு மயக்கவியலாளர் சங்கம் தாய்மார்களுக்குத் தரும் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. நம் ஊரில் இதை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. ஒரு பக்கம் மட்டும் மரத்து மறுபக்கம் வலித்தால், ஏமாற்றப்பட்டதாகவே அந்தப் பெண் நினைக்கிறார்.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் வகை ஊசி போட்டுக்கொண்டிருந்தாலோ உடனே சொல்லிவிடுங்கள். போட முடியாமலோ, சில மணி நேரம் தள்ளிப்போட வேண்டியோ வரலாம். கர்ப்பப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறக்கும்வரை ஊசிக்குக் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதி இப்போது இல்லை.

கணக்கில் சேருமா என்று கேட்ட அந்த உறவினருக்காக ஒன்று: 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற மருத்துவர் பிரசவத்துக்கு ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தபோதே இந்த வாதம் கிளம்பிவிட்டது. 1853இல் விக்டோரியா அரசி தம் எட்டாவது பிள்ளைப்பேற்றில் குளோரோஃபாம் என்ற மயக்க மருந்தை ஏற்றுக்கொண்டார். பிறந்த இளவரசரை யாரும் கணக்கிலிருந்து நீக்கவில்லை.

காவிரிக்கரை சொன்னதுதான் உங்கள் வழக்கின் முடிச்சு. இரவு இரண்டு மணிக்கு மயக்கவியல் மருத்துவர் மருத்துவமனைக்குள்ளேயே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா, ஊசி போட்ட பிறகு ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் யார் தொடர்ந்து பார்ப்பார்கள் என்பதை இப்போதே கேளுங்கள். அந்தப் படிவம் உங்களைக் கட்டுப்படுத்தாது. வேண்டும் என்று எழுதிவிட்டு வேண்டாம் என்று சொல்லவும், வேண்டாம் என்று எழுதிவிட்டு நடுவில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஓய்வுபெற்ற செவிலி:

டாக்டர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஊசி வேண்டாம் என்று எழுதுவது, சும்மா படுத்துக்கொண்டு பல்லைக் கடிப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் முப்பது ஆண்டுகள் இருந்தவள் சொல்கிறேன், மல்லாந்து படுக்கவைப்பதைப் போல வலியைக் கூட்டுவது வேறொன்றும் இல்லை. நடக்கலாம், சாய்ந்து நிற்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள், கேட்கும் பெண்ணுக்கு எபிடியூரல் தரலாம் என்பதோடு, இடுப்பைத் தேய்த்துவிடுவதையும் மூச்சுப் பயிற்சியையும், தாய் விரும்பும் ஒருவர் உடனிருப்பதையும் சேர்த்தே சொல்கின்றன. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் நடைமுறை 2004இலேயே வந்துவிட்டது. தனியாரில் சில இடங்களில்தான் இன்னும் கதவைச் சாத்துகிறார்கள்.

இன்னொன்று, கண்ணு. சூட்டு வலிக்கே ஓடிவந்து படுத்துவிடாதே. முதல் பிரசவத்தில் ஐந்து சென்டிமீட்டர் வரை மெதுவாகத்தான் திறக்கும். அந்த நேரத்தை வீட்டில் கழித்தவர்கள் தெம்போடு வருவதைப் பார்த்திருக்கிறேன். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

நொய்யல்:

நேற்று நேரில் போய்க் கேட்டேன். பகலில் மயக்கவியல் மருத்துவர் மருத்துவமனையிலேயே இருக்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டிலிருந்து வர வேண்டும், முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆகவே இரவில் வலி எடுத்தால், தாங்க முடியாத கட்டம்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே சொல்லி அழைக்கச் செய்வது என்று பேசிக்கொண்டோம். தட்டணுக்கள் போதுமான அளவில் இருக்கின்றன.

இரண்டு கட்டங்களிலும் குறியிடவில்லை. "முதலில் ஊசியில்லாமல் முயல்கிறேன், நான் கேட்டால், எந்த நிலையிலும், காலம் தாழ்த்தாமல் மருத்துவரை அழைக்க வேண்டும்" என்று கீழே கையால் எழுதிக் கையெழுத்திட்டேன். வாங்கிக்கொண்டார்கள். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் மாமியாரை வரச் சொல்லியிருக்கிறேன். அம்மா என்னைவிட அதிகமாக அழுதுவிடுவார். மாமியார் இப்போதே நல்லெண்ணெய்ப் புட்டியையும் வெந்நீர்ப் பையையும் எடுத்துவைத்துவிட்டார். வெந்நீர்ப் பையை உள்ளே கொண்டுபோகலாமா?

மயக்கவியல் மருத்துவர்:

ஊசி போடும்வரை தாராளமாக வைத்துக்கொள்ளலாம். போட்ட பிறகு வயிற்றிலும் இடுப்பிலும் கால்களிலும் வைக்கவே கூடாது. மரத்த தோல் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இதை மாமியாரிடம் இன்றே சொல்லிவையுங்கள். எண்ணெயை முதுகின் நடுவில் தேய்க்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அந்தக் குழாயை ஒட்டுகிற பட்டை அங்கேதான் பிடித்து நிற்க வேண்டும்.