எக்ஸ்சேஞ்சை இறக்கிவிட்டு போஸ்ட்ஃபிக்ஸ் ஏற்றலாமா? 140 அஞ்சல்பெட்டிகள், ஒரே சர்வர்

தறிக்குழி, திருப்பூர்

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். 140 அஞ்சல்பெட்டிகள், ஏறத்தாழ 900 ஜிபி. எல்லாமே மாடிப்படிக்குக் கீழே, நூல் கோன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரே சர்வரில், மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2016இல் ஓடுகின்றன. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. காசு கட்டி வாங்கும் பாதுகாப்பு நீட்டிப்பும் முதலில் அறிவித்தபடி 2026 ஏப்ரல் 14 வரைதான். சித்திரை முதல் நாள் நமக்கு விடிவது அப்படி.

முதலாளியிடம் மூன்று வழிகளைச் சொன்னேன். சந்தா கட்டும் புதிய எக்ஸ்சேஞ்ச் எஸ்.இ., கிளவுடில் மைக்ரோசாஃப்ட் 365, இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் போல மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் கட்டற்ற மென்பொருள். "மூன்றாவது சும்மா வருகிறதே, அதையே போடு" என்றார். அந்த "சும்மா"தான் என்னைத் தூங்கவிடவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள்மண்டி, ஈரோடு

தாராளமாகத் தூங்கு தம்பி. போஸ்ட்ஃபிக்ஸ் 1998இல் ஐ.பி.எம். ஆய்வகத்திலிருந்து வீட்சே வெனேமா வெளியிட்டது. டவ்காட் 2002 முதல் இருக்கிறது. முதலாவது கடிதத்தை வாங்கும், அனுப்பும். இரண்டாவது அதைப் பெட்டியில் அடுக்கும். ஆர்ஸ்பாம்டி குப்பையைப் பொறுக்கும். சோகோ காலண்டரையும் முகவரிப் புத்தகத்தையும் பார்த்துக்கொள்ளும். நான்கையும் கட்டி மெயில்கவ் என்று ஒரே மூட்டையாகத் தருகிறார்கள். அதன் ஆவணம் கேட்பது குறைந்தது 6 ஜிபி நினைவகம். 140 பேருக்கு 32 ஜிபி போட்டால் தாராளம். எக்ஸ்சேஞ்ச் 2019க்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பது 128 ஜிபி. அதே வேலைதான், தீனி மட்டும் நான்கு மடங்கு.

பெருந்துறைப் பக்கம் இரண்டு இடங்களில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்வதால், கெட்டாலும் ஒரு கடிதம்தான் கெடும். எக்ஸ்சேஞ்சில் பேக்கப் நான்கு நாள் ஓடாமல் போனால், அது அழிக்க வேண்டிய லாக் கோப்புகள் சேர்ந்து டிஸ்க்கை நிரப்பும். உடனே மொத்த டேட்டாபேஸும் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த அனுபவம் உனக்கும் இருக்கும்.

சர்வர்சாமி, கோவை

இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே தொழில். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மின்னஞ்சல் சர்வருக்கு அது பொருந்தாது. வாயைத் திறந்து கடைவாய்ப்பல் வரை பார்க்க வேண்டும்.

மஞ்சள்மண்டி அண்ணன் கடிதம் வாங்குவதையும் அடுக்குவதையும் சொன்னார். அனுப்பியது போய்ச் சேருமா என்பதைப் பற்றி மூச்சே விடவில்லை. திருப்பூர்க் கம்பெனியின் பிழைப்பே அனுப்புவதில்தான். ஜெர்மனியில் துணி வாங்கும் பையருக்கு லேப் டிப், அதாவது சாய மாதிரி, விவரம் போக வேண்டும். உங்கள் ஐ.பி. முகவரியின் தலைகீழ்ப் பெயர், அதாவது அந்த எண் யாருடையது என்று கேட்டால் இணையம் சொல்லும் பெயர், இணைய நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அவர்கள் சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பும். கடிதம் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் மூன்றும் சரியாக இருந்தாலும், அதே முகவரி வரிசையில் எவனோ ஒருவன் குப்பை அஞ்சல் அனுப்பியிருந்தால் நீங்களும் சேர்ந்து கறுப்புப் பட்டியலில் ஏறுவீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் பிடியை இன்னும் இறுக்கிவிட்டன. கடிதம் திரும்பி வந்தாலாவது தெரியும். பையரின் குப்பைப் பெட்டியில் சத்தமில்லாமல் போய் விழுந்தால், ஷிப்மென்ட் தேதி தவறிய பிறகுதான் தெரியும்.

இன்னொன்று, இதை எந்த யூடியூபரும் சொல்ல மாட்டார். எக்ஸ்சேஞ்சுக்குள் ஊழியர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட கடிதங்களில் முகவரியாக இருப்பது நாம் கண்ணால் பார்க்கும் மின்னஞ்சல் முகவரி அன்று. சாய்கோடுகளால் கோத்த நீளமான உள்முகவரி ஒன்று இருக்கும். சர்வர் மாறிய மறுநாள், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பழைய கடிதத்தைத் திறந்து "பதில்" அழுத்துவார். அது அந்த உள்முகவரிக்குப் போகும், புதிய சர்வருக்கு அது யாரென்றே தெரியாது, திரும்பி வரும். அவுட்லுக்கில் இரண்டு எழுத்து தட்டியதும் பெயர் வருகிறதே, அதுவும் இதே கதைதான். அன்று காலை 140 பேரும் உன் மேசைக்கு வருவார்கள் தம்பி. நான் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மஞ்சள்மண்டி, ஈரோடு

உள்முகவரிச் சிக்கல் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதி உண்மை. இமாப்சிங்க் என்ற கருவியை வைத்து, ஐமாப் என்ற அஞ்சல் நெறிமுறை வழியாகக் கடிதங்களை இழுத்தால், எக்ஸ்சேஞ்சே வழக்கமான முகவரியாக மாற்றித்தான் கொடுக்கும். அவுட்லுக் கணினியில் சேமித்த பழைய பி.எஸ்.டி. கோப்பிலும், அவுட்லுக்கின் தானியங்கிப் பெயர்ப் பட்டியலிலும்தான் பேய் தங்கியிருக்கும். பட்டியலை ஒவ்வொரு கணினியிலும் காலி செய்துவிட்டால் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

அனுப்புவதற்கு, வெளியே போகும் கடிதத்தை மட்டும் காசு வாங்கும் ரிலே சேவை ஒன்றின் வழியாக விடலாம். சரக்கு உன் கிடங்கில், லாரி மட்டும் வாடகைக்கு. லாரிக்குப் பேர்போன சங்ககிரிப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை விளக்க வேண்டுமா?

சர்வர்சாமி, கோவை

ஆக, "சும்மா" முதல் வாரத்திலேயே செத்துவிட்டது. நன்றி.

மஞ்சள்மண்டி, ஈரோடு

சும்மா என்று நான் எங்கே சொன்னேன்? முதலாளி சொன்னார். கட்டற்றது வேறு, காசில்லாதது வேறு.

காசு வாங்குகிறவர்களின் லட்சணத்தையும் பார்ப்போம். 2022 ஜனவரி 1. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் கடிதங்கள் வரிசையிலேயே நின்றுவிட்டன. தீம்பொருள் வடிகட்டி தன் பதிப்பு எண்ணைத் தேதியாக எழுதியது: 2201010001. அதை வைக்க ஒதுக்கிய இடம் தாங்கும் பெரிய எண் 2147483647. புத்தாண்டு பிறந்த நொடியில் பானை பொங்கி அடுப்பை அணைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் வெளியான ஓட்டைகளின் வழியாக உலகம் முழுக்க எக்ஸ்சேஞ்ச் சர்வர்களுக்குள் புகுந்தார்கள்.

சர்வர்சாமி, கோவை

புத்தாண்டு அன்று அவிநாசி சாலையில் ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் நான்தான் இருந்தேன். மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஸ்கிரிப்டை ஓட்டினேன், வரிசை நகர்ந்தது. கைபேசியில் தேடினால் தீர்வு கிடைத்தது, ஏனென்றால் உலகம் முழுக்க ஒரே நோய். உங்கள் நான்கு மென்பொருள் மூட்டையில் நோய் வந்தால், நான்கில் எது என்று கண்டுபிடிக்கவே மதியம் ஆகும்.

உங்களைப் போன்றவர்கள் எடுத்துக்காட்டுவது ஜெர்மனியின் மியூனிக் நகரம். பத்து ஆண்டுகளுக்கும் மேல் லினக்ஸ் லினக்ஸ் என்றுவிட்டு, 2017இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது.

மஞ்சள்மண்டி, ஈரோடு

மியூனிக் கதை மேசைக் கணினிகளைப் பற்றியது. மின்னஞ்சலுக்கு வேண்டுமானால் அதே ஜெர்மனியில் ஷ்லேஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலத்தைப் பாருங்கள். 40,000க்கும் மேற்பட்ட அஞ்சல்பெட்டிகளை எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓப்பன்-எக்ஸ்சேஞ்சுக்கும் தண்டர்பேர்டுக்கும் மாற்றி 2025 அக்டோபரில் முடித்தார்கள். கடிதங்களும் காலண்டர் குறிப்புகளும் சேர்ந்து பத்துக் கோடிக்கு மேல்.

கிளவுடுக்குப் போகலாம் என்பவர்களுக்கும் ஒரு சொல். 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடை வந்ததும் குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜிக்கு மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அது திரும்பியது. நமக்கு உயர் நீதிமன்றம் ஏற நாதியுண்டா?

சர்வர்சாமி, கோவை

ஜெர்மனியில் மாற்றியது ஒரு மாநில அரசு ஐயா. இது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சர்வர்.

வெண்ணெய்மலை, கரூர்

வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு அண்ணன்களும் சர்வரையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். அதில் வேலை செய்கிறவள் ஒருத்தி பேசட்டும்.

எங்களிடம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மாற்றினார்கள். கடிதங்கள் வந்தன. காலண்டர்? ஷிப்பிங் பிரிவுக்குப் பொதுவான பெட்டி, அதிலிருந்து யார் யார் அனுப்பலாம் என்ற அனுமதி, கடிதங்களைப் பிரிக்க நான் ஐந்து ஆண்டுகளாக எழுதி வைத்திருந்த விதிகள், இவற்றில் ஒன்றும் வரவில்லை. போட்டுக் கொடுத்த தம்பி நல்ல பையன். எட்டாம் மாதம் பெங்களூருக்குப் போய்விட்டான். அடுத்து வந்தவன் திரையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அக்கா, இது என்னவென்றே எனக்குத் தெரியாது" என்றான். இப்போது எங்கள் அலுவலகத்தில் மின்னஞ்சல் நின்றால், பெங்களூரில் இருக்கும் அவனுடைய மதிய உணவு இடைவேளைக்காகக் காத்திருக்கிறோம்.

ஜோஹோவுக்குப் போனால் என்ன? மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலே இப்போது அவர்கள் தளத்தில்தான் இருக்கிறது. நம் ஊர்க் கம்பெனி.

மஞ்சள்மண்டி, ஈரோடு

நம் ஊர்க் கம்பெனிதான், ஆனால் கட்டற்ற மென்பொருள் இல்லையே அம்மணி. பூட்டு உள்ளூரில் செய்தது என்பதால் சாவி நம் கைக்கு வந்துவிடுமா?

காலண்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இமாப்சிங்க் கடிதங்களை மட்டும்தான் நகர்த்தும். காலண்டர், முகவரிகள், விதிகள் எல்லாம் கையால் எடுத்துச் செல்ல வேண்டியவை. விதிகளை சீவ் மொழியில் புதிதாக எழுத வேண்டும். அவுட்லுக்கில் சோகோ காலண்டரைக் காட்ட கால்டேவ் சிங்க்ரனைசர் என்ற இலவச இணைப்பு உண்டு. பழைய அவுட்லுக்கில் மட்டும் வேலை செய்யும், புதியதில் ஏறாது. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சர்வர்சாமி, கோவை

கரூர் அம்மணி சொன்னதைத்தான் நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தலைகீழ்ப் பெயர், கறுப்புப் பட்டியல் என்று எங்கேயோ போய்விட்டேன். எக்ஸ்சேஞ்ச் தெரிந்தவன் கோவையில் தெருவுக்கு ஒருவன் கிடைப்பான். போஸ்ட்ஃபிக்ஸ் தெரிந்தவன் கிடைத்தால் பெங்களூருக்குப் போய்விடுவான். நான் சந்தாவை ஆதரிப்பது மென்பொருள் பிடித்துப்போய் இல்லை.

தறிக்குழி, திருப்பூர்

மூன்று வாரங்களாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். ஒரு பழைய கணினியில் மெயில்கவ் ஏற்றி, 11 பேரின் பெட்டிகளை மட்டும் நகர்த்திப் பார்த்தேன். வெளியே போவது ரிலே வழியாக. கடிதங்கள் ஒன்றுகூடக் குறையவில்லை. பெயர்ப் பட்டியலைக் காலி செய்ய மறந்த இரண்டு கணினிகளிலிருந்து, சர்வர்சாமி அண்ணன் சொன்னபடியே, பதில்கள் திரும்பி வந்தன.

காலண்டரைக் கையால் ஏற்றினேன். கணக்குப் பிரிவில் வெள்ளிக்கிழமைதோறும் காலை 10 மணிக்கு "கூலிப் பணம் எடுக்க" என்று 2017 முதல் ஒரு நினைவூட்டல் உண்டு. சென்ற வெள்ளிக்கிழமை அது மாலை 3.30க்கு அடித்தது. அதற்குள் வங்கிக் கிளை மூடியிருக்கும் என்று பயந்து கணக்கர் ஓடிய ஓட்டத்தை மொத்த கட்டிங் பிரிவும் பார்த்தது. அவருக்கு வேளை தெரியாதா என்ன, நினைவூட்டல் வந்தால்தான் எழுந்திருப்பது பழக்கமாகிவிட்டது.

முதலாளி கேட்டது ஒரே கேள்வி: "நீ போய்விட்டால்?" பதில் சொல்லவில்லை.

சர்வர்சாமி, கோவை

ஐந்தரை மணி நேரம் தள்ளியிருக்கிறது என்றால், ஏற்றிய கோப்பில் நேர மண்டலம் இல்லை. கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கோப்பில் கொல்கத்தா மண்டலத்தை எழுதிவிட்டு மறுபடி ஏற்று. மீதி 129 பேருக்கும் அதே கோளாறு வரும், முன்பே பார்த்துக்கொள்.

நான் இன்னும் உன் பக்கம் வரவில்லை. ஆனாலும் ஏறுவதென்று முடிவெடுத்துவிட்டால், உனக்குக் கீழே இருக்கும் பையன் ஒருவனை உட்கார வைத்து, வெற்று டிஸ்க்கிலிருந்து பேக்கப்பை அவன் கையால் மீட்கச் சொல். நீ அறையில் இருக்கக் கூடாது. அவன் எத்தனை மணி நேரம் எடுத்துக்கொண்டான் என்பதை இங்கே எழுது.

தறிக்குழி, திருப்பூர்

ஞாயிற்றுக்கிழமை செய்கிறோம் அண்ணா. நான் பல்லடத்தில் மாமனார் வீட்டில் இருப்பேன், கைபேசியை அணைத்துவிட்டு.