நோக்கியா இ71 சார்ஜ் ஏறவில்லை, உள்ளே அப்பாவின் 1,100 நம்பர் இருக்கிறது. உதவி தேவை

பாமணிக்கரை:

வணக்கம். ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். அப்பாவுக்கு அறுப்பு மிஷின் புரோக்கர் வேலை. சேலம், ஆத்தூர் பக்கமிருந்து வரும் வண்டிகளுக்கு வயல் பிடித்துக் கொடுப்பார். 2009ல் வாங்கிய நோக்கியா இ71தான் இன்றுவரை அவர் கையில் இருக்கிறது. நடுவில் நான் இரண்டு டச் போன் வாங்கிக் கொடுத்தேன், இரண்டும் அம்மாவிடம் போய்விட்டன.

12 நாளாக அந்த போன் ஆன் ஆகவில்லை. அதன் சார்ஜர் வயரை எலி கடித்துவிட்டது. என் பழைய ஆண்ட்ராய்டு போனின் சார்ஜர் பக்கவாட்டு ஓட்டையில் சரியாகப் பொருந்தியது, ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தேன். ஒரு வெளிச்சம்கூட வரவில்லை. டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "போர்டு போயிருக்கும், உயிர் வந்தாலும் ஃபார்மட் அடிச்சாத்தான் ஓடும்" என்றார். பயந்துபோய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சிம்மை எடுத்து என் போனில் போட்டால் 40 பெயர்தான் இருக்கிறது. மீதியெல்லாம் போனுக்குள். வெறும் நம்பர் என்றால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு பெயருக்கும் கீழே அப்பா குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: "மேலத்தெரு, 7 மா, ஆடுதுறை 43, வாய்க்கால் பாலம் தாங்காது, பெல்ட் வண்டி மட்டும்" என்கிற மாதிரி. (மா என்பது நில அளவு, ஆடுதுறை 43 நெல் ரகம், பெல்ட் வண்டி என்றால் டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுப்பு மிஷின்.) பதினைந்து வருஷ வேலை அது. இப்போது குறுவை அறுப்பு தொடங்கிவிட்டது. அழைப்பு வருகிறது, ஆனால் யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. "யாரு பேசுறது?" என்று அப்பா கேட்டால் எதிரில் இருப்பவர் மனசு சங்கடப்படுகிறார். இரண்டு நாளாக அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

போனுக்கு உயிர் வருமா? குறிப்போடு சேர்த்து நம்பர்களை எடுக்க முடியுமா? அடுத்து அவருக்கு எந்த போன் சரிப்படும்?

வல்லம் ரோடு:

தம்பி, நல்ல ஸ்மார்ட்போன் ஒன்று வாங்கி ஜிமெயிலில் ஏற்றிவிடுங்கள். இனி இந்தத் தொல்லையே வராது.

பாமணிக்கரை:

ஏற்றுவதற்கும் முதலில் நம்பர் வேண்டுமே அண்ணே. அதோடு அறுப்பு நேரத்தில் அப்பா கை முழுக்க நெல் தூசி, வியர்வை. டச் திரை அந்த விரலை ஏற்பதே இல்லை. பட்டன் என்றால் பார்க்காமலே அடிப்பார்.

குடந்தை சர்வீஸ்:

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: யாரும் அதில் *#7370# அடிக்க விடாதீர்கள். அது மொத்தத்தையும் துடைத்துவிடும். சார்ஜ் இறங்கியதால் மட்டும் நம்பர்கள் அழியாது, பேட்டரி இல்லாமல் கிடந்தாலும் உள்ளேதான் இருக்கும். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், இன்றைக்குச் சாப்பிடட்டும்.

உங்கள் போனில் போர்டு கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இ71ல் பக்கவாட்டில் இருக்கும் மைக்ரோ யூஎஸ்பி, கம்ப்யூட்டருக்கு மட்டும். அதில் சார்ஜ் ஏறவே ஏறாது. கீழே சின்ன வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும், 2 மில்லிமீட்டர் சின்ன பின் சார்ஜர்தான் அதற்கு. அந்தக் கடைக்காரரும் யூஎஸ்பியில் செருகிப் பார்த்திருக்கலாம். இப்போது வேலைக்கு வரும் பையன்கள் இந்த வரிசையைப் பார்த்திருக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நான் 2008லிருந்து ஆறு வருஷம் கும்பகோணத்தில் இந்த போன்களைத்தான் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். வரிசையைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கு உதிரி தேடுவது சுலபம், அதனால் சொல்கிறேன். 1996ல் நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் வந்தது, மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி திறந்தால் உள்ளே முழு விசைப்பலகை. ஆபீஸ் வேலைக்கென்று தனி வரிசையாக 'இ' வரிசையை 2005 அக்டோபரில் இ60, இ61, இ70 என்று மூன்று போனோடு அறிவித்தார்கள். இ61ல் கேமராவே கிடையாது. கேமரா போனை உள்ளே விடாத கம்பெனிகளுக்கு அது வசதி. 2007ல் இ61ஐயில் கேமரா வந்தது. அதே வருஷம் இ90, பழைய கம்யூனிகேட்டரின் வாரிசு.

2008ல் வந்த இ71தான் இந்த வரிசையின் உச்சம் என்பது என் கருத்து. 10 மில்லிமீட்டர் தடிமன், எஃகு முதுகு, 1500 எம்ஏஎச் பேட்டரி. வேலை நேரத்துக்கு ஒரு முகப்பு, வீட்டு நேரத்துக்கு ஒரு முகப்பு என்று சுலபமாக மாற்றலாம். பகல் முழுக்க நெட் போட்டவர்களுக்கும் சாயங்காலம் சார்ஜ் மீதி இருக்கும். அதை வெறும் போனாகப் பேசிய உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு இரண்டு நாள் தாராளம்.

அந்த வருஷக் கடைசியில் இ63 அறிவித்தார்கள். விலை குறைவு, பிளாஸ்டிக் உடம்பு, ஸ்பேஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் டார்ச் எரியும். 2009ல் இ72. யூஎஸ்பியிலும் சார்ஜ் ஏறும் வசதி அதில் உண்டு. 2011ல் இ6, டச்சும் பட்டனும் சேர்ந்தே இருக்கும். அதே வருஷம் பிப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் பக்கம் போவதாக அறிவித்தது, வரிசையும் அதோடு அடங்கியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பரில் மூடியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் தெருவிலேயே இரண்டு பிள்ளைகள் அங்கே லைனில் நின்றவர்கள்.

இதில் உங்களுக்கு வேண்டியது இதுதான்: இ71, இ63, இ72, இ52, இ90, இ6 எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி, பிபி-4எல். யார் வீட்டுப் பீரோவில் இதில் எது கிடந்தாலும் கழற்றிப் போட்டுப் பார்க்கலாம். இ5, இ7, இ66 போன்றவற்றுக்கு வேறு பேட்டரி, அதை வாங்கிவிடாதீர்கள்.

இப்போது உங்கள் பேட்டரியைக் கழற்றி மேஜையில் வைத்து விரலால் சுற்றிவிடுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை மறுபடி சார்ஜில் போடவே கூடாது, பூஸ்டரில் (செத்த பேட்டரிக்கு நேரடியாகச் சார்ஜ் ஏற்றும் கடைக் கருவி) ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். சார்ஜருக்கு 2013ல் வந்த நோக்கியா 105ன் சார்ஜர் போதும், அதே சின்ன பின். யூஎஸ்பியிலிருந்து சின்ன பின்னுக்கு மாறும் கேபிளும் கிடைக்கும்.

பாமணிக்கரை:

அண்ணே, சுற்றியது. மூன்று சுற்று சுற்றி நின்றது. சார்ஜர் பெரியம்மா வீட்டில் கிடைத்துவிட்டது. பேட்டரிக்கு டவுனில் நாலு கடை ஏறி இறங்கினேன், இல்லை.

கூத்தாநல்லூர்:

எங்கள் வீட்டில் ஒரு இ63 இருக்கிறது. மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. பேட்டரி உப்பவில்லை, இப்போது சார்ஜில் போட்டுப் பார்த்தேன், ஏறுகிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. அந்த போனில்தான் தமிழ்ப் பக்கமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிய, ஓபரா மினி பிரவுசரில் எழுத்தைப் படமாகக் காட்டும் 'பிட்மேப்' அமைப்பை மாற்றி முதன்முதலில் தமிழ் படித்தேன். கொடுக்க மனசு வராது, இரவல் தருகிறேன்.

பாமணிக்கரை:

போன் ஆன் ஆகிவிட்டது!! கூத்தாநல்லூர் அண்ணனுக்குக் கோடி நன்றி. ஆனால் பூட்டு எண் கேட்டது. அப்பாவிடம் கேட்டால் "தெரியலையேடா" என்கிறார்.

குடந்தை சர்வீஸ்:

மாற்றாத போனுக்கு 12345. அதை ஒரு தடவை மட்டும் பாருங்கள், கண்டபடி அடிக்காதீர்கள். இல்லையென்றால் அப்பா கையிலேயே கொடுங்கள். வாயில் வராதது விரலில் வரும்.

பாமணிக்கரை:

அப்படியே நடந்தது அண்ணே. கையில் கொடுத்தேன், என்னிடம் பேசிக்கொண்டே அடித்தார், திறந்துவிட்டது. என்ன எண் என்று இப்போது கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பெயர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இனி எப்படி வெளியே எடுப்பது?

குடந்தை சர்வீஸ்:

காண்டாக்ட்ஸ் திறந்து, ஆப்ஷன்ஸில் மார்க் ஆல். திரும்ப ஆப்ஷன்ஸ், காப்பி, மெமரி கார்டு. கார்டில் 'அதர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் 'காண்டாக்ட்ஸ்' ஃபோல்டரில் ஆளுக்கு ஒரு விசிஎஃப் கோப்பாக விழும், குறிப்பும் அதற்குள்ளேயே வரும். சிம்முக்கு மட்டும் காப்பி செய்யாதீர்கள். சிம்மில் பெயரும் நம்பரும்தான் நிற்கும், பெரும்பாலும் 250க்கு மேல் கொள்ளாது, குறிப்பு மொத்தமும் போய்விடும்.

பாமணிக்கரை:

என்னிடம் இருந்த 64 ஜிபி கார்டைப் போட்டேன், கார்டு கெட்டுவிட்டது என்கிறது. ஃபார்மட் செய்யவா?

குடந்தை சர்வீஸ்:

வேண்டாம். கார்டு கெடவில்லை. 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன, 2008ம் வருஷத்து போனுக்கு அதைப் படிக்கத் தெரியாது. 8 ஜிபி வரைதான் கணக்கு. பழைய 2 ஜிபி கார்டு தேடுங்கள்.

பாமணிக்கரை:

தங்கையின் பழைய பாட்டு கார்டு 2 ஜிபி கிடைத்தது. 1,137 கோப்பு. என் போனில் இறக்கிவிட்டேன், குறிப்பு ஒன்றுகூட விடுபடவில்லை. முதலில் தேடிப் பார்த்தது "கோட்டூர்". பதினாறு பேர், எத்தனை மா, என்ன நெல், எந்தப் பக்கம் வண்டி இறங்கும் எல்லாம் இருக்கிறது. ஒருவருக்குக் கீழே "கஜா புயலில் வீடு போச்சு, கூலி கேட்காதே" என்று போட்டிருக்கிறார். இதை அவர் யாரிடமும் சொன்னதே இல்லை.

நீடாமங்கலம்:

படித்துக்கொண்டே வந்தேன், மனசு நிறைந்தது. மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், நானும் பட்டன் போன் ஆள்தான். பிளாக்பெர்ரி வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பழைய பிளாக்பெர்ரி ஓஎஸ் போன்களுக்கான சேவையை 2022 ஜனவரி 4ல் நிறுத்திவிட்டார்கள், பேசுவதுகூட உறுதியில்லை. 2018ல் வந்த கீ2 ஆண்ட்ராய்டு, பட்டனும் உண்டு, ஆனால் அது ஆண்ட்ராய்டு 8.1ல் வந்த போன். செகண்ட் ஹேண்டில் காசு போடுவதற்கு யோசிக்க வேண்டும்.

குடந்தை சர்வீஸ்:

சரியாகச் சொன்னீர்கள். இ72, இ6 தேடி வாங்குவதும் வேண்டாம் தம்பி. வாட்ஸ்அப் 2017 ஜூன் 30ஓடு இந்த வரிசைக்கு நின்றுவிட்டது, மெயிலும் இன்றைய பாதுகாப்பு முறைக்கு ஒத்துவராது. இவற்றை இப்போது பேசுவதற்கு மட்டுமே நம்பலாம். அதற்கு உங்கள் இ71 போதும். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது என்பதால் அந்த சிம் எடுக்காது. ஏர்டெல் 3ஜியை 2020ல் நிறுத்தினாலும் 2ஜி இருக்கிறது, பேச அது போதும். சிம் நானோவாக வெட்டியிருந்தால் அடாப்டரோடு போடுங்கள், வெறுமனே செருகினால் ஸ்லாட் பின் வளைந்துவிடும். 4ஜி பட்டன் போன் மாற்று என்று வாங்குவதானால், கடையிலேயே எத்தனை பெயர் கொள்ளும், குறிப்பு எழுத இடம் உண்டா என்று பார்த்து வாங்குங்கள். நான் பார்த்தவற்றில் குறிப்புக்கு இடமே இல்லை.

வாரம் ஒரு முறை அந்த 2 ஜிபி கார்டுக்குக் காப்பி அடித்து உங்கள் போனிலும் ஏற்றிவிடுங்கள். அப்பா புதிதாக எழுதுவது இனி இரண்டு இடத்தில் இருக்கும்.

பாமணிக்கரை:

அப்படியே செய்கிறேன் அண்ணே. புது பேட்டரி சொல்லியிருக்கிறேன், வந்ததும் இங்கே எழுதுகிறேன், உப்பலா இல்லையா என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்பா காலையிலேயே வடுவூருக்குக் கிளம்பிவிட்டார், இரண்டு வண்டி இறங்குகிறது. உப்பின பழைய பேட்டரியை எங்கே கொடுப்பது என்பது மட்டும் தெரியவில்லை. இப்போதைக்குக் கொல்லையில் ஒரு மண் சட்டியில் தனியாக வைத்திருக்கிறேன்.

கூத்தாநல்லூர் அண்ணே, புதன்கிழமை உங்கள் ஊர்ப் பக்கம் வண்டி வருகிறது. இரவல் பேட்டரியை அப்பாவே கொண்டுவந்து தருவார், வீட்டு அடையாளம் சொல்லுங்கள். உங்கள் பெயரையும் ஏற்றிக்கொண்டார். கீழே என்ன குறிப்பு எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.